வெள்ளைப் பூனை மஞ்சளான வாரம்

என் மகளின் பூனையை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்று இரண்டரை நாள் முழுமனதாக நம்பினேன். நஞ்சு வைத்து அல்ல, கோழி கொடுத்து. வியாழக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை மதியம் வரைக்கும், ஆக்லாந்தின் கிளென் ஈடனில் எங்கள் வீட்டு ஜன்னலோரம், ஐம்பது தாண்டிய ஆள் ஒருவர் கைபேசி வெளிச்சத்தைப் பூனையின் கண்ணுக்குள் அடித்துக்கொண்டு முழங்காலில் நின்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டது. ஆள் மூடவில்லை. அந்த ஆள் நான்தான்.

பூனைகள் இரண்டு. ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தங்கையும் என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். மகள் அவற்றுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பலகாரங்களின் பெயரை வைத்தாள். என் வாய்க்கும் மனைவியின் வாய்க்கும் அவை பழகவில்லை. எனவே வெள்ளை, கறுப்பு. எட்டு வருடமாக அவை இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

கறுப்பு எல்லோருக்கும் பொது. வெள்ளை மகளுக்கு மட்டும். பன்னிரண்டு வயதில், பள்ளிக்கூடம் மாறி, மதிய இடைவேளையில் கதைக்க ஒருத்தரும் இல்லாமல் அவள் வீடு திரும்பிய வருடத்தில் வந்த குட்டி அது. அந்த வருடம் அவள் எங்களோடு கதைத்ததைவிட அதனோடு கதைத்ததுதான் கூட. இன்றைக்கும் படிப்பு மேசையில் அவள் புத்தகத்தைத் திறந்தால் அது வந்து பக்கத்தின் மேல் படுக்கும். அவள் அதன் காலைத் தூக்கி வரியை வாசித்துவிட்டு மறுபடி காலை அதே இடத்தில் வைப்பாள். அப்படியொரு உயிரைத்தான் என் கையில் தந்துவிட்டு, படிப்பின் பகுதியாகச் செய்ய வேண்டிய பயிற்சிக்காக இரண்டு வாரம் தென் தீவுக்குப் போனாள்.

சும்மா தந்துவிட்டுப் போகவில்லை. வெள்ளை ஒரு வருடமாக பிஸ்கட் தீனியை விழுங்குவதும் கக்குவதுமாக இருந்தது. கம்பளத்தில் அது கக்கிய இடங்களைச் சேர்த்தால் ஒரு உலகப் படமே வரும். மகள் எங்கெங்கோ வாசித்து, பூனை டொக்டரிடமும் கேட்டு, இரண்டையும் பச்சை இறைச்சிக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தாள். மெல்ல மெல்ல மாற்ற வேண்டும், பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது டொக்டரின் நிபந்தனை. திங்கட்கிழமை மகளுக்கு விமானம். செவ்வாய்க்கிழமை எனக்குப் பதவியேற்பு.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். முதல் மூன்று நாள் எவ்வளவு பிஸ்கட், எவ்வளவு கோழி, நாலாம் நாள் எவ்வளவு, எத்தனை துண்டு இதயம், எவ்வளவு சின்னத் துண்டு ஈரல், எல்லாம் இருந்தன. ஆனால் என் கண்ணுக்கு அடியில் சிவப்பு மையில் இருந்த வரிகள்தான் தெரிந்தன. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் உடனே சொல்ல வேண்டும். பட்டினி கிடந்தால் பூனையின் ஈரல் கெட்டுப்போகும். பல்லடி முரசு, காது, கண் எங்கேயாவது மஞ்சளாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, காதுக்குள் சொன்னாள்: “அப்பா, ஜஸ்ட் ஃபாலோ த ஷீட். டோன்ட் பி கிரியேட்டிவ்.”

“நான் எப்ப மோனை கிரியேட்டிவா இருந்தனான்?” என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள்.

மனைவிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. “பச்சையா வந்து பச்சையாப் போற இறைச்சிக்கு என்ரை குசினியில இடமில்லை. உடுப்புத் தோய்க்கிற அறையில வச்சுச் செய்யுங்கோ.”

“சமைக்கிற இறைச்சியும் பச்சையாத்தானேயப்பா வருது.”

“அது வந்து திருந்துது. இது திருந்தாது.”

பிறகு, மனசு கேட்காமல், கதவடியில் வந்து நின்று சொன்னாள்: “கழுவாமல் கொள்ளாமல் குடுத்துப் போடாதேங்கோ. பாவம், வாயில்லாச் சீவன்.”

“எனக்குச் சொல்லித் தாறீரோ? முப்பது வருசமாக் கோழி கழுவுறன்.”

அது பொய்யில்லை. எங்கள் வீட்டில் இறைச்சி வாங்குவது, வெட்டுவது, கழுவுவது மூன்றும் என் இலாகா. அடுப்புக்கு மேல்தான் அவளுடைய ராச்சியம். ஆகவே, தனிக் கத்தி, தனிப் பலகை, தனிச் சட்டி, கழுவுவதற்கு வேண்டியதுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு உடுப்புத் தோய்க்கும் அறைக்குக் குடிபெயர்ந்தேன்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மனுகாவ் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பது என் ஏற்பாடு. எந்த நாளானாலும் பூனைக்குச் சமையல் முதலில். சமையல் என்று சொல்லக் கூடாதுதான். அந்த அறையில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வேலி, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கூரை, அதற்கும் அப்பால் மேற்கு மலைகள். செப்டெம்பர் மாதம். மலைகள் இருக்கும், பிறகு மழை வந்து மலைகளை எடுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் உருண்டு உருண்டு ஒரு தாலாட்டுப் போட, ரயில் கடவையில் மணி டிங் டிங் என்று கேட்க, என் கைகள் கோழித் துடையை எடுத்து, வெட்டி, கழுவி, அலசி, தம்பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கும். நான் அங்கே இருக்க மாட்டேன். மலைக்கும் மழைக்கும் நடுவில் எங்கேயோ இருப்பேன். தண்ணீர் சட்டியிலிருந்து வழியும் சத்தம் கேட்டுத்தான் திரும்பி வருவேன்.

முதல் நாள் வெள்ளை தட்டை மணந்து பார்த்தது. பிறகு, விசா விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று கண்டுபிடித்த அதிகாரி மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டை மட்டும் பொறுக்கித் தின்றது. கறுப்பு இரண்டையும் தின்றது. கறுப்பு எதையும் தின்னும். ஒரு தரம் என் பனியனின் விளிம்பைத் தின்றது.

இரண்டாம் நாள் தாளில் சொன்னபடி கோழியைக் கிண்ணத்தோடு சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கிக் கொடுத்தேன். வெள்ளை ஒரு துண்டை நக்கியது. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்து யோசித்தது. இன்னொரு தரம் நக்கியது. பிறகு தலையைச் சரித்து, கடைவாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சப்பத் தொடங்கியது. எட்டு வருடத்தில் அது எதையாவது சப்பித் தின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தச் சத்தம் ஈரமான செருப்போடு யாரோ மெல்ல நடந்து போவது போல இருந்தது. நான் நிலத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்துக்கு ஒரு ரயில் பிந்தினேன்.

ஒரு வாரத்தில் கக்கல் நின்றது. மயிர் பளபளத்தது. நான் மகளுக்குப் படம் அனுப்பினேன். அவள் இதயம் அனுப்பினாள். அலுவலகத்தில் யாரும் கேட்காமலே பூனையின் சமிபாடு பற்றி விளக்கத் தொடங்கினேன். பக்கத்து மேசைக்காரர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளப் பழகினார். ஆக்லாந்தின் மேற்குப் பகுதிக்கு ஒரு பூனை வைத்தியர் தேவைப்பட்டால் ஆள் இருக்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம்.

பிறகு அந்த வியாழக்கிழமை.

வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள். மனைவி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். மழை விட்டு, மேகத்தில் ஒரு இடம் மட்டும் கிழிந்து, அதனூடாக வெயில் நேராக எங்கள் ஜன்னலில் விழுந்தது. வெளியே கோஃபாய் மரம் பூத்துக் கொட்டியிருந்தது. இலையில்லாத கிளை முழுக்க மஞ்சள் பூ. ஜன்னல் கட்டையில் வெள்ளை மல்லாந்து படுத்திருந்தது. நான் தேநீரோடு கிட்டப் போனேன். வாய்க்குக் கீழே அதன் நாடி மஞ்சளாக இருந்தது.

பூவின் மகரந்தம் என்று நினைத்துச் சிரித்தேன். காய்ந்த கடதாசியால் துடைத்தேன். போகவில்லை. வாயைச் சுற்றிப் பார்த்தேன். அங்கேயும். முன்னங்கால் இரண்டிலும். நெஞ்சில் ஒரு கைப்பிடி அளவு. இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். வெள்ளை என் கையைக் காலால் தள்ளிவிட்டுக் கொட்டாவி விட்டது. கடதாசி வெள்ளையாகவே இருந்தது.

தேநீர் ஆறியது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த சிவப்பு வரிகள் குசினியிலிருந்து நடந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

உடனே டொக்டரிடம் ஓடியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதையேதான் சொல்வேன், ஆள் நானாக இல்லாவிட்டால். தொலைபேசியில் கூப்பிட்டேன். அங்கே ஒரு இனிமையான குரல், என்ன பிரச்சினை என்று கேட்டது. “கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறார்” என்றேன் ஆங்கிலத்தில். மஞ்சள் என்று சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். சாப்பிடுகிறாரா? நன்றாகச் சாப்பிடுகிறார். சுறுசுறுப்பாக இருக்கிறாரா? சற்று முன் என் காலுறையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்படியென்றால் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாருங்கள், நிலைமை மாறினால் உடனே கூப்பிடுங்கள் என்றது குரல். எனக்கு ஒரே நேரத்தில் நிம்மதியாகவும், மரண தண்டனைக்குத் திகதி குறித்த மாதிரியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள்.

அன்று பின்னேரம் வெள்ளையைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் சுடுதண்ணித் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள், மடித்த துவாய்களின் மேல், இருட்டில் சுருண்டு கிடந்தது. சாகப்போகும் பூனை மறைவிடம் தேடும் என்று எங்கேயோ கேள்விப்பட்டது ஞாபகம் வந்தது. எட்டு வருடமாகக் குளிர்காலம் முழுக்க அது அங்கேதான் படுக்கிறது என்பது ஞாபகம் வரவில்லை. நானும் தலையை அலுமாரிக்குள் விட்டேன். இளஞ்சூடு. துவாய் மணம். அதன் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. அந்தச் சூட்டில் எனக்கும் கண் சொருகி, அரை நித்திரையில் எல்லாம் மஞ்சளாக வந்தது. மஞ்சள் பூ, வீதி வேலைக்காரரின் மஞ்சள் சட்டை, மஞ்சளான மழை, மலை முழுக்க மஞ்சள் பூனைகள் வரிசையாக ஏறிப் போகின்றன, கடைசியாகப் போகும் பூனை திரும்பி என்னைப் பார்த்து, மகளின் குரலில், “டோன்ட் பி கிரியேட்டிவ்” என்கிறது.

“என்னப்பா செய்யிறியள் அலுமாரிக்குள்ள?”

மனைவி வேலையால் வந்து நின்றாள். தலையை வெளியே எடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அவள் வெள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“ஓம், கொஞ்சம் மஞ்சள்தான். எங்கயாவது பூவுக்குள்ள உருண்டிருக்கும்.”

“துடைச்சுப் பார்த்தனான். போகேல்லை. உள்ளுக்குள்ள இருந்து வருது.”

“கறுப்புக்கும் அதே சாப்பாடுதானே? அதுக்கு ஒண்டும் இல்லையே.”

இருவரும் கறுப்பைப் பார்த்தோம். கறுப்பு கறுப்பாக இருந்தது. அதற்கு ஈரல் பலம் என்று முடிவு செய்தோம்.

வெள்ளிக்கிழமை பயம் என் பக்கம் திரும்பியது. மத்தியானம் கணினியில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது விரலைப் பார்த்தேன். வலது கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியும் நகமும் மஞ்சள். ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. திரையில் பதினொரு முகங்கள். நான் கமெராவை நிறுத்திவிட்டு ஓடிப்போய்க் குளியலறைக் கண்ணாடியில் கீழிமையை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நாக்கை நீட்டிப் பார்த்தேன். பூனையிலிருந்து மனிதனுக்குத் தொற்றுமா என்று தேடினேன். தொற்றாது என்று போட்டிருந்தது. போட்டவர்களுக்கு என்னைத் தெரியாது என்று நினைத்தேன்.

பின்னேரம் மனைவியிடம் விரல்களை நீட்டினேன். கையைக்கூடத் தொடாமல், தள்ளி நின்றே சொன்னாள்: “மத்தியானம் பருப்புக் கறி திண்டிட்டுக் கையை ஒழுங்காக் கழுவேல்லை. சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. உங்களுக்குக் காமாலை வந்தா நாக்குத்தான் முதல்ல ஓயும். அது நல்லாத்தானே ஓடுது.”

எனக்கு வந்த நிம்மதி சொல்லி மாளாது. சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவினேன். என் விரலுக்குக் கிடைத்த அந்த விளக்கத்தைப் பூனையின் நாடி வரைக்கும் கொண்டுபோக எனக்குத் தோன்றவேயில்லை. நான் தப்பினேன், பூனைதான் பாவம் என்ற இடத்தில் என் மூளை கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டது.

இருட்டுவதற்கு முன் மகள் காணொளியில் வந்தாள். நான் கறுப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு பதில் சொன்னேன்.

“வேர் இஸ் ஹீ?” என்றாள்.

“ஆர்?”

“அப்பா!”

வெள்ளையை முதுகுப்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். முதுகு சுத்த வெள்ளை. முதுகால் ஒரு பூனை எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிய முடியுமோ அவ்வளவு தெரிந்தது. ஆனால் அவள் குரல் கேட்டதும் துரோகி திரும்பிவிட்டது. முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய் மூக்கால் முட்டியது.

“ஹீ லுக்ஸ்... வை இஸ் ஹீ யெல்லோ?”

“லைட் மோனை. அம்மா புதுசா ஒரு லைட் போட்டவ.”

பின்னால் மனைவி, “நான் எந்த லைட்டைப் போட்டனான்?” என்று தொடங்கினாள். நான் தொடர்பு அறுவது மாதிரி நடித்தேன். “ஹலோ? ஹலோ? மோனை?” என்றேன். சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். வெள்ளை திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த இருண்ட திரையின் மேலேயே, அவள் புத்தகத்தின் மேல் படுப்பது போல, படுத்துக்கொண்டது. அந்த நேரம் நான் பகிடி விட்டதாக ஞாபகம் இல்லை.

சனிக்கிழமை காலை எழும்பும்போதே எனக்கு ஒரு யோசனை முளைத்திருந்தது. காமாலைக்குக் கீழ்க்காய்நெல்லி. எங்கள் ஆட்களில் யாருக்கு அது தெரியாது? பன்னிரண்டு மணி வரைக்கும் சும்மா இருப்பதைவிட, டொக்டரிடம் போகும்போது கையில் மருந்தோடு போனால், “பாருங்கள், தகப்பன் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை” என்றாவது இருக்கும். காரை எடுத்தேன்.

“பாபடோயிட்டோய்க்கோ போறியள்? அப்ப மஞ்சள்தூளும் வாங்கிக்கொண்டு வாங்கோ. இப்பதானே ஒரு பை உடைச்சனான், முடிஞ்சு கிடக்கு. மஞ்சளை ஆர் இந்த வீட்டில தின்னுறது?” என்றாள் மனைவி.

“ஓம் ஓம்” என்றேன். என் கவலை எனக்கு.

பாபடோயிட்டோயில் எங்கள் ஊர்ச் சாமான்கள் விற்கும் பலசரக்குக் கடை அப்போதுதான் திறந்திருந்தது. கல்லாவில் நிற்பவர் தமிழ்நாட்டுக்காரர், முப்பது வயது இருக்கும். முருங்கைக்காய்களைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கீழ்க்காய்நெல்லி இருக்கோ?”

“கீழாநெல்லியா சார்? பொடி இருந்துச்சு, தீந்துருச்சு. அடுத்த வாரம்தான் வரும். யாருக்கு சார், உங்களுக்கா?”

“இல்லை, வீட்டில ஒருத்தருக்கு.”

“காமாலையா? அடடா. என்ன வயசு?”

“எட்டு.”

அவர் முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார். “எட்டு வயசுப் பிள்ளைக்கா? டாக்டர்கிட்ட காட்டினீங்களா இல்லையா?”

“பன்னிரண்டு மணிக்குப் போறம்.”

“போங்க சார், மொதல்ல போங்க. பொடியெல்லாம் அப்புறம். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது. கறி மீன் பக்கமே போகக் கூடாது. மோர் சாதம் கொடுங்க, இளநி கொடுங்க. இப்ப என்ன சாப்பிடுறான்?”

“கோழி.”

“கோழியா!”

“பச்சைக் கோழி” என்றேன். பதற்றத்தில் இருக்கும் மனிதன் உண்மையைத்தான் சொல்வான். “ஈரலும் கொஞ்சம். இதயம் எண்டா நல்ல விருப்பம்.”

அவர் கண் என் முகத்திலிருந்து மெல்ல இறங்கி என் கைகளுக்குப் போனது.

“பூனை, தம்பி. பூனை.”

அவர் மூச்சை விட்டார். கல்லாவைப் பிடித்துக்கொண்டார். “சார், நான் போலீசுக்கு போன் பண்ணலாமான்னு யோசிச்சுட்டேன் சார்.”

“நானே பண்ணலாமோ எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்.”

அவர் சிரித்தார். வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பினேன். “மஞ்சள்தூள் எந்தப் பக்கம்?”

“மூணாவது வரிசை சார். பெரிய பாக்கெட்டா?”

“பெரிசாவே தாரும். வீட்டில கெதியா முடியுது.”

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க இரண்டு பூனைகளையும் ஒரே கூட்டில் அடைத்துக்கொண்டு போனேன். ஒன்றைத் தனியே கொண்டுபோனால் மற்றது வீட்டில் இருந்து வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தும். காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரிய கண்ணாடி. வெளியே மழை வெயிலோடு பெய்தது. கூட்டுக்குள் இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன, வெள்ளை கறுப்பின் காதை, கறுப்பு வெள்ளையின் நாடியை. நான் கம்பிக்குள் விரலை விட்டேன். வெள்ளை அதையும் ஒரு தரம் நக்கியது. நாளைக்கு மகள் கதவைத் திறந்ததும் கூப்பிடப் போகும் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எட்டு வருடத்தில் முதல் முறையாக அந்தப் பலகாரப் பெயர் என் வாயில் சரியாக வந்தது.

டொக்டர் நெடுநெடுவென்ற வெள்ளைக்காரப் பெண். நரைத்த மயிர், மெல்லிய குரல். உதவிக்கு ஒரு இளம் தாதி, மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை என்பது பிறகுதான் தெரிந்தது. தாதி வெள்ளையை மேசையில் வைத்து அணைத்துப் பிடித்தாள். டொக்டர் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தார். கண்ணிமையை விரித்துப் பார்த்தார். காதைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்தேன்.

“முரசு இளஞ்சிவப்பு. கண் வெள்ளை. காது இளஞ்சிவப்பு” என்றார் டொக்டர், ஆங்கிலத்தில், யாருக்கோ கடிதம் வாசிப்பது மாதிரி. “இந்த வயதுக்கு அழகான பூனை. மயிர் மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை. இறைச்சியோடு ஏதாவது சேர்க்கிறீர்களா? மருந்து, எண்ணெய், சத்துத்தூள்?”

“ஒன்றுமே இல்லை” என்றேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். “தாளில் இருப்பது மட்டும். இறைச்சி. வெறும் இறைச்சி.”

தாதி குனிந்து வெள்ளையின் தலையில் மூக்கை வைத்தாள். ஒரு தரம் மணந்தாள். இன்னொரு தரம் நாடியில். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அங்கிள், நீங்க தமிழா?”

“ஓம்.”

“கோழிய கழுவிட்டுத்தானே கொடுக்குறீங்க?”

“பின்னே? கழுவாமல் குடுக்கலாமோ பிள்ளை?”

“எப்படி கழுவுவீங்க? செஞ்சு காட்டுங்க.”

இதென்ன கேள்வி என்று நினைத்தேன். காட்டினேன். இடது கையால் இல்லாத சட்டியைப் பிடித்தேன். வலது கையால் இல்லாத கோழியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். பிறகு என் வலது கை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பக்கவாட்டில் போய், ஒரு டப்பாவின் மூடியைத் தட்டித் திறந்து, மூன்று விரலால் ஒரு கிள்ளு எடுத்து, சட்டிக்குள் தூவி, உரஞ்சத் தொடங்கியது.

“அது என்ன அங்கிள்?” என்றாள் தாதி.

என் கை அந்தரத்தில் நின்றது.

அவள் பஞ்சை எதிலோ நனைத்து வெள்ளையின் நாடியைத் தேய்த்தாள். பஞ்சு மஞ்சளானது. டொக்டர் புருவத்தைத் தூக்கினார். தாதி இன்னொரு பஞ்சை எடுத்து, கூட்டுக்குள் கையை விட்டு, கறுப்பின் நாடியைத் தேய்த்து வெளியே எடுத்தாள். அதுவும் மஞ்சள்.

“எங்க அம்மாவும் இப்படித்தான் லா” என்று சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். டொக்டருக்கு அவளே விளக்கினாள். டொக்டர் சிரிக்காமல் இருக்க நல்ல முயற்சி செய்தார். இறைச்சியைக் கழுவவே வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்றார். கழுவாமலா என்று நான் கேட்கப் போய், கேட்காமல் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பையைக்கூட வைக்காமல் முழங்காலில் நின்று வெள்ளையைத் தூக்கினாள். அது அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துச் சுகமாகக் குர்ர் என்றது. நாடியில் இன்னும் இளம் மஞ்சள் இருந்தது. அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா. ஐ செட் டோன்ட் பி கிரியேட்டிவ்.”

“நான் ஒண்டும் சேர்க்கேல்லை மோனை. கழுவினனான்.”

குசினியிலிருந்து மனைவி, “அப்ப என்ரை மஞ்சள்?” என்றாள்.

வெள்ளைக்குக் காமாலை வரவில்லை. செவ்வாய்க்கிழமை தொடங்கி மறு வாரச் சனிக்கிழமை காலை வரைக்கும், பன்னிரண்டு நாள், நாளுக்கு இரண்டு வேளை, நான் பூனைகளின் கோழியை மஞ்சள்தூள் போட்டுக் கழுவியிருந்தேன்.